ஆள் விட்டுப் பேசினோம்

எங்கள் பக்கத்தில் ஒருவர் இன்னொருவரிடம் நேராகப் போய் ஒரு காரியத்தைக் கேட்டுவிட்டால், அவருக்கு எங்கேயோ மறை கழன்றுவிட்டது என்று அர்த்தம். களியக்காவிளைச் சந்தையில் வாழைக்குலை விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவில் ஒருவன் நிற்பான். குளச்சலில் கரைக்கு வந்த மீனுக்கும் அதைக் கூடையில் அள்ளுகிறவளுக்கும் நடுவில் ஒருவன் நின்று தொண்டை கிழியக் கத்துவான். விளை என்கிற தோட்டம் விற்க, வீடு வாடகைக்குப் பிடிக்க, வேலித் தகராறு தீர்க்க, எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. ஆளுக்கு ஆள் பெயரும் உண்டு. தரகர், புரோக்கர், மத்தியஸ்தர், இடையாள், பெரியவர், நம்ம பக்கத்து ஆள், அவிய பக்கத்து ஆள். நான் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள். தவளையையும் தேரையையும் வகை பிரிக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இந்த இனத்தை வகை பிரிக்க எனக்கு ஒரு கல்யாணம் தேவைப்பட்டது.

என் கல்யாணத்தை நடத்தி வைத்தவர்கள் இவர்கள். அது முறிந்துபோகாமல் காப்பாற்றுகிறேன் என்று இறங்கியவர்களும் இவர்களே. எனவே இவர்களைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

முதலில் வந்தவர் ஆலோசனைக்காரர். நிலம் பேசுகிறவரைப் புரோக்கர் என்று முகத்துக்கு நேராகச் சொல்லலாம், சிரிப்பார். கல்யாணம் பேசுகிறவரை அப்படிச் சொன்னால் முகம் கடுத்துவிடும். எங்களிடம் கல்யாணத்துக்கு 'ஆலோசனை' என்று பெயர், அதனால் அவர் ஆலோசனைக்காரர். அவர் என் அப்பாவிடம் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னார்: "கொள்ளாம் கேட்டியளா, நல்ல பயல். வாயில வெரல வச்சாக் கடிக்கத் தெரியாது." மாப்பிள்ளை வீட்டில் போய் என்னைப் பற்றிச் சொன்னார்: "பாவம் புள்ள. தலையத் தூக்கிப் பேசாது."

முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி எவ்வளவு பெரிய புளுகு என்று மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்துக்கு மறுநாளே தெரிந்துகொண்டார்கள். அதற்குள் கிறிஸ்தவ சபையில் கல்யாண ஓலை வாசித்து, மோதிரம் மாற்றி, பிரியாணி போட்டு எல்லாம் முடிந்துபோயிருந்தது.

என் வீட்டுக்காரர் உண்மையில் பேசாத மனிதர். தக்கலையில் ஒரு டைல்ஸ் கடையில் மேனேஜர். கடையில் எப்படித்தான் வியாபாரம் நடந்ததோ, தெரியவில்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் சாளை மீனின் முள்ளை எல்லாம் பொறுமையாக எடுத்துவிட்டு, சதையை என் தட்டின் ஓரத்தில் வைப்பார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார், வைப்பார், அவ்வளவுதான். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? பிடித்திருந்தது.

சண்டை ஸ்கூட்டரால் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் என் சம்பளத்தில் நானே வாங்கிய ஸ்கூட்டர் அது. திங்கள்சந்தைப் பக்கத்தில் இருந்த அவர் வீட்டிலிருந்து என் பள்ளிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். ஸ்கூட்டரில் போனால் மணியடிக்கும் முன் வகுப்பில் நிற்கலாம். ஒரு சனிக்கிழமை நான் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு முன்பக்கம் வந்தால் வண்டி இல்லை. அவருடைய தங்கை மாப்பிள்ளைக்கு ஓட்டக் கொடுத்துவிட்டாராம். கேட்டதற்கு, "ரெண்டு வண்டி என்னத்துக்கு? நான் கொண்டு விடுதேன்லா" என்றார்.

"எனக்க வண்டியக் குடுக்கதுக்கு முன்ன எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

சுவரைப் பார்த்தார். சுவரில் காலண்டர் இருந்தது. அந்தக் காலண்டரை அவர் அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. எனக்கு வந்த கோபத்தில் ஒரு பையில் நாலு சேலையைத் திணித்துக்கொண்டு, மார்த்தாண்டத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவர் வந்து, "கேக்காமச் செஞ்சது தப்பு" என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொன்னால் அவரோடு போய்விடுவேன். வண்டிகூட வேண்டாம்.

இரண்டு நாள் போனதும் கோபம் பாதி தணிந்து, நானே கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். அப்பா பார்த்துவிட்டார். "ஏட்டி, நீ கூப்பிட்டா நமக்க மதிப்பு என்ன ஆவும்? அவிய ஆள் விடட்டும்" என்று போனை வாங்கி அலமாரிமேல் வைத்தார். அவர் வீட்டிலும் அதே நேரத்தில் அவருடைய போனுக்கு அதே மரியாதை நடந்துகொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. "இப்பம் நீ கூப்பிட்டியானா அவ நாளைக்கு ஒனக்க தலையில ஏறி இருப்பா" என்று அவருடைய அம்மா சொல்லியிருக்கிறார்.

எங்கள் வழக்கம் அப்படி. சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்த பெண் தன் காலால் நடந்து திரும்பக் கூடாது. கூட்டிப்போக அந்தப் பக்கத்து ஆட்கள் வர வேண்டும். மாப்பிள்ளை தனியாக வந்து கூப்பிட்டால் அவனுக்கு முதுகெலும்பு இல்லை என்பார்கள். பெண் தனியாகப் போனால் பெற்றவர்களுக்கு மானமில்லை என்பார்கள். ஆக, வந்த வழியாகவே ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடக்கூடிய தூரத்தைக் கடக்க எங்கள் இருவருக்கும் ஒரு பட்டாளம் தேவைப்பட்டது.

போன் திரும்பக் கைக்கு வந்த பிறகும் நாங்கள் கூப்பிட்டுக்கொள்ளவில்லை. வாட்ஸப்பில் அவருடைய கல்யாணப் படம் போய், வட்டக்கோட்டையில் எடுத்த கடல் படம் வந்தது. அதை நான் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். அவர் ஆன்லைனில் இருப்பது எனக்குத் தெரியும், நான் இருப்பது அவருக்கும் தெரியும். உலகத்தின் எந்த மூலைக்கும் நொடியில் பேசிவிடலாம் என்று விளம்பரம் செய்கிறார்களே, அவர்களுக்கு எங்கள் ஜில்லாவைத் தெரியாது.

எங்கள் பக்கத்து ஆளாகப் போனவர் என் தாய்மாமா. நம்ம பக்கத்து ஆள் என்பது தனி வகை. இவர் சமாதானம் பேசப் போவார், ஆனால் தோற்றுவிட்டு வரக் கூடாது. நான் மாமாவை உட்கார வைத்து, ஸ்கூட்டர் கதையை முதலிலிருந்து சொல்லி, "இத மட்டும் சொல்லுங்க மாமா. தப்புண்ணு ஒரு வார்த்த சொல்லட்டும், நான் வாறேன்" என்றேன். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பல் குத்திக்கொண்டே ஆட்டினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

போய்விட்டு வந்தார். "என்னாச்சு மாமா, சொன்னியளா?"

"அது எப்பிடி மக்களே சொல்லுதது? ஒரு ஸ்கூட்டருக்காவ பொண்ணு வீட்ட விட்டு வந்தாண்ணு சொன்னா, கேக்கவன் சிரிக்க மாட்டானா? எனக்கு நாணமாட்டு இருந்து. அதனால காரியத்தக் கொஞ்சம் பெருசாக்கி, தனிக்குடித்தனம் வேணும்ணு சொல்லிப்போட்டு வந்தேன்."

"நான் எப்பம் மாமா தனிக்குடித்தனம் கேட்டேன்?"

"கேக்கல்ல. ஆனா கேக்கக்கூடிய காரியம்லா?"

அன்று முதல் நான் அம்மாவையும் மகனையும் பிரிக்க வந்தவள் ஆனேன். என் மாமியார் பாவம், அதுவரை எனக்காக ஆப்பத்துக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தவர், அன்றிரவு சாப்பிடாமல் படுத்தாராம். மாமா மட்டும் எங்கள் வீட்டில் கோழிக்கறியோடு நன்றாகச் சாப்பிட்டார். அப்பம் பங்குவைத்த குரங்காவது அப்பத்தோடு விட்டது. எங்கள் ஆட்களுக்குக் கோழி வேண்டும், மீன் வேண்டும், போகும்போது வீட்டுக்கு ஒரு ஏத்தன் வாழைக்குலையும் வேண்டும்.

மாமா போனதற்குப் பதிலாக அந்தப் பக்கத்திலிருந்து மத்தியஸ்தர் வந்தார். அவர்கள் சபையில் கமிட்டியில் இருக்கும் ரிட்டயர்டு வாத்தியார். எல்லோருக்கும் அவர் சார். மத்தியஸ்தர் என்றால் நடுவில் நிற்கிறவர் என்றுதான் நானும் நினைத்தேன். வெள்ளை வேட்டி, கறுப்புத் தோல்பை, வந்ததும் ஒரு ஜெபம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவரைப் பார்த்ததும் பாதி நிம்மதி வந்துவிட்டது. எனக்கும் வந்தது. ஜெபத்தில் அவர் எங்கள் இருவர் பெயரையும் சேர்த்துச் சொன்னபோது நான் அழுதுகூட விட்டேன், மானங்கெட்டவள்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்ததும் சார் சொன்னார்: "அவிய பக்கத்தில ஒரே ஒரு காரியம்தான் சொல்லுதாவ. பொண்ணு வேலைய விடணும்."

அவரா அப்படிச் சொன்னார்? பள்ளி விஷயத்தில் அவர் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. விடைத்தாள் திருத்தும்போது சிவப்புப் பேனா மை தீர்ந்தால் கடைக்குப் போய் வாங்கி வந்து வைப்பவர். "அவியளே வாயத் தொறந்து சொன்னாவளா?" என்று சாரைக் கேட்டேன்.

"வாயால சொல்லணுமா மக்களே? ஆம்பள மனசு எனக்குத் தெரியாதா?"

அதற்கு உள்ளே இருந்த தொழில் ரகசியம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. விளை பேசுகிற தரகர் முதலில் வாயில் நுழையாத ஒரு விலையைச் சொல்வார். பிறகு இறங்கி வருவார். இறங்கி வந்ததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். சார் அதே வித்தையைக் கல்யாணத்தில் காட்டினார். நாங்கள் தனிக்குடித்தனம் கேட்டதால் அவரும் ஒன்று கேட்டு வைத்தார். கேட்டு வைத்தால்தானே விட்டுக்கொடுக்க முடியும்! அவர் வேலை விஷயத்தை விட்டுக்கொடுப்பார், நாங்கள் தனிக்குடித்தனத்தை விட்டுக்கொடுப்போம், சுபம். திட்டம் நல்ல திட்டம்தான். ஒரே குறை, அதை எங்கள் இரண்டு பேரிடமும் யாரும் சொல்லவில்லை.

நான் நம்பிவிட்டேன். "வேலைய விடச் சொல்லுத ஆளுக்கு நான் எதுக்கு?" என்றேன். சார் அதை அப்படியே கொண்டுபோனார். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ஒரு எழுத்து சிந்தாமல் கொண்டு சேர்த்தார். அங்கிருந்து, "அப்பம் அவளுக்க இஷ்டம்" என்று பதில் வந்தது. அதுவும் சிந்தாமல் வந்தது. நல்ல சொல் போனால் வழியில் ஒழுகிவிடும், கெட்ட சொல் மட்டும் தளும்பாமல் வந்து சேரும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். நாங்கள் சபைக்குப் போகிறவர்கள்தான், இருந்தாலும் இதற்கு இதைவிட நல்ல பழமொழி எனக்குத் தெரியவில்லை.

பிறகு மாமாவும் சாரும் நேருக்கு நேர் பேச ஆரம்பித்தார்கள். எங்கள் வீடும் வேண்டாம், அவர்கள் வீடும் வேண்டாம் என்று, பொதுவாகத் தக்கலையில் ஒரு சாயாக் கடையில் உட்கார்ந்து பேசினார்கள். பழம்பொரி, அதாவது ஏத்தம்பழ பஜ்ஜி, சூடாகக் கிடைக்கும் கடை. இரண்டு பேருக்கும் நல்ல ஒட்டுதல் ஆகிவிட்டது. சாருடைய மகளுக்கு மாமா ஒரு ஆலோசனைகூடக் கொண்டுவந்தார், அது நடந்து, அவர்கள் இன்று நன்றாக இருக்கிறார்கள். குளச்சல் தரகனைச் சொன்னேனே, அவன் எவ்வளவோ தேவலை. மீன் நாறிவிடும் என்ற பயம் அவனுக்கு இருக்கிறது, அதனால் சட்டென்று முடித்துவிடுவான். எங்கள் கல்யாணம் அவர்கள் கூடையில் சாவகாசமாக நாறிக்கொண்டிருந்தது.

நாறி முடிந்ததும் வக்கீல்கள் வந்தார்கள். அதுவும் நடுவில் நிற்கும் ஒரு வகைதான், கறுப்புக் கோட்டுப் போட்டிருக்கும். எப்படிக் கோர்ட் வரைக்கும் போனோம் என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் விவாகரத்து வேண்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. "அவிய கேஸ் போடதுக்கு முன்ன நாம போட்டாத்தான் கெத்து" என்று இரண்டு பக்கமும் பேசிக்கொண்டார்கள். கடைசியில் சண்டையில்லாமல் சேர்ந்தே போடலாம் என்று மாமாவும் சாரும் பழம்பொரி தின்றபடி முடிவு செய்தார்கள். இத்தனை காலப் பேச்சுவார்த்தையில் அவர்கள் உண்டாக்கிய ஒரே ஒற்றுமை அதுதான்.

கோர்ட்டில் ஒரு அறையில் எங்களை உட்கார வைத்தார்கள். அங்கே நடுவில் இருந்த அம்மாவுக்கு மீடியேட்டர் என்று பெயர். நல்ல அம்மா. "நீங்க ரெண்டு பேரும் பேசுங்க, உங்களுக்குள்ள என்ன பிரச்சினை?" என்று கேட்டார். எங்களிடம் அப்படி ஒருவர் கேட்டது அதுவே முதல் தடவை. நான் வாயைத் திறந்தேன். என் வக்கீல் மேசைக்கு அடியில் என் முழங்கையை அமுக்கினார். "நான் சொல்லுதேன்" என்றார். அந்தப் பக்கத்து வக்கீலும் அதையே செய்தார். இரண்டு வக்கீல்களும் தனிக்குடித்தனத்தைப் பற்றியும் வேலையைப் பற்றியும் அருமையாகப் பேசினார்கள்.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டர் என்று ஒரு சொல் சொல்லமாட்டாரா, தப்பு என்று ஒரு சொல் சொல்லமாட்டாரா என்று பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். என்னிடம் எதையோ எதிர்பார்க்கிற மாதிரி இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த மனுசன் இன்னும் என்ன எதிர்பார்க்கிறான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மேசைமேல் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அவரும் போட்டார். சட்டம் காத்திருக்கச் சொன்ன காலத்தையும் காத்திருந்தோம். இன்னொரு நாள் போனோம், முடிந்தது.

வெளியே வந்தபோது நல்ல வெயில். மாமாவும் சாரும் எதிரே சாயாக் கடைக்குப் போய்விட்டார்கள். அப்பா ஆட்டோ பிடிக்கப் போனார். நான் படிக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் நேராக என்னிடம் நடந்து வந்தார். இனி இறங்கிப்போக மதிப்பு ஏதும் மிச்சமில்லை, அதனால் வர முடிந்தது போலும்.

"வண்டி நல்லா ஓடுதா?" என்றார்.

"எந்த வண்டி?"

"ஒனக்க ஸ்கூட்டர்."

நான் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பார்த்தேன். அவர் திக்கித் திக்கிச் சொன்னார். நான் கிளம்பி வந்த மறுவாரமே தங்கை மாப்பிள்ளையிடமிருந்து வண்டியைத் திரும்ப வாங்கியிருக்கிறார். சர்வீஸ் செய்து, சார் வீட்டில் கொண்டுபோய் நிறுத்தி, சாவியை அவர் கையில் கொடுத்து, "கேக்காம எடுத்தது எனக்க தப்புதான், அவட்ட சொல்லி வண்டியக் குடுத்திருங்க சார். அவ ஒரு வார்த்த சொன்னா நான் வந்து கூப்பிடுதேன்" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு காலமும் காத்திருந்தாராம். மீடியேட்டர் அறையிலும் அதற்காகத்தான் என்னைப் பார்த்தாராம்.

என் கால் தானாகச் சாயாக் கடைக்கு நடந்தது. அவர் பின்னால் வந்தார். "சார், எனக்க வண்டி எங்க?" என்று கேட்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள், திரும்பட்டும்.

சார் கொஞ்சமும் பதறவில்லை. "வீட்டில பத்திரமாட்டு நிக்குது மக்களே. சும்மா நிண்ணா பேட்டரி போயிரும்லா, அதனால எனக்க பய காலேஜுக்கு எடுத்துட்டுப் போறான்."

"ஏன் சார் எங்கிட்ட சொல்லல்ல?"

"அண்ணைக்கே சொன்னா நம்ம பக்கம் எறங்கிப் போவும்லா? மத்தியஸ்தம்ணு சொன்னா கையில ரெண்டு சாமானம் வேண்டாமா? ஒத்துதீர்ப்பா சமாதானம் ஆவும்போ எடுத்துக் குடுக்கலாம்ணு வச்சிருந்தேன். பெறவு பேச்சு வேற வழிக்குப் போச்சு. நானும் மறந்துட்டேன். நாளைக்கு ஆரிட்டயாவது குடுத்து விடுதேன்."

மாமா பழம்பொரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல், பின்னால் வந்து நின்ற அவரைத்தான் திட்டினேன். "எங்கிட்ட நேராட்டு வந்து சொன்னா என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"ஆள் விட்டேனே" என்றார்.

"நானும்தான் விட்டேன். ஸ்கூட்டரச் சொல்லச் சொல்லி."

"நீ தனிக்குடித்தனம் கேட்டண்ணு..."

"நான் கேக்கல்ல. நீங்க வேலைய விடச் சொன்னியளே?"

"நான் சொல்லல்ல."

அவர் கண் நிறைந்திருந்தது. எனக்கும் அப்படித்தான். அப்போதும் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், வா என்று. கையில் இருந்த தீர்ப்புத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அவர் பின்னால் போயிருப்பேன். சட்டம், வக்கீல், சபை, அப்பா, எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொண்டிருக்கலாம். அவரும் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

சார் சாயா கிளாஸை மேசையில் வைத்துவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "இனியும் ஒண்ணும் கெட்டுப்போவல்ல மக்களே. ரெண்டு பேருக்கும் மனசிருந்தா நான் ஒருக்கா பேசிப் பாக்கட்டா?"

அவர் வாயை மூடிக்கொண்டார். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"செரி சார், நீங்களே அவட்ட ஒருக்கா பேசிப் பாருங்க" என்றார்.

நான் அவருக்கு முன்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.